இடது கத்தியின் உள்விளிம்பு

அன்று மருத்துவரின் அறையில் இருந்தவர்கள்:

ஐஸ் ஹாக்கிக் கழகத்தின் மருத்துவர். மேசைக்குப் பின்னால் இருந்தார்.

பயிற்சியாளர். ஜன்னலோடு சாய்ந்து நின்றார்.

மேலாளர். தொலைபேசியைக் கவிழ்த்து முழங்காலில் வைத்திருந்தார்.

வீரர்களுக்குத் தசைப்பிடிப்பு எடுத்துவிடும் பெண். அழுது முடித்திருந்தாள்.

நான். கதவடியில் நின்றேன். கையில் என்னுடைய கொப்பி.

டேரன் இல்லை. அவன் முந்தின நாள் பின்னேரத்திலிருந்து ஆஸ்பத்திரியில், திரை இழுத்து மூடிய அறையில் கிடந்தான்.

மருத்துவர் ஒவ்வொருவராகக் கேட்டார். கடந்த வாரங்களில் டேரனிடம் ஏதாவது வித்தியாசம் கண்டீர்களா? பயிற்சியாளர் இல்லை என்றார். மேலாளர் இல்லை என்றார். அந்தப் பெண் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். என் முறை வந்தது. மருத்துவர் கையை நீட்டினார். கொப்பியைக் கொடுத்தேன். நாலைந்து பக்கம் புரட்டினார்.

"இது என்ன?"

"சப்பாத்துக் கத்தி தீட்டின குறிப்பு."

"என்ன மொழி?"

"தமிழ்."

"டேரனைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?"

"தீட்டின நாள் மட்டும் இருக்கு."

கொப்பியை மூடித் திருப்பித் தந்தார். மூடும்போது அவருடைய விரல் இருந்த பக்கம் டேரனுடைய பக்கம். நான் சொல்லாத எல்லாம் அதில் பென்சிலால் எழுதியிருந்தது.

எனக்குப் பிறகு நீங்கள் இருவரும்தான் இப்போது கழகத்தின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறீர்கள். போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது, மேல் தட்டில் பழைய கொப்பிகள் இருப்பதாகச் சொன்னீர்கள். "அண்ணை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில எட்டு வருசம் படிச்சும் உங்கட எழுத்தை வாசிக்க ஏலாமல் கிடக்கு" என்று பகிடி விட்டீர்கள். குற்றம் உங்களுடையது அல்ல. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதை ஆற அமர, விளங்கும்படி எழுதுகிறேன்.

ஐஸ் சப்பாத்தின் அடியில் இருக்கும் கத்தியைத் தீட்டுவது எப்படி என்று எழுதமாட்டேன். அது உங்களுக்குத் தெரியும். இப்போது மெஷினே அளந்து சொல்கிறது. எனக்குக் கைதான் சொன்னது. கை சரியாகத்தான் சொன்னது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை.

டேரன் யார் என்று முதலில் சொல்லவேண்டும். நீங்கள் வருமுன் கழகத்தை விட்டுப் போய்விட்டான்.

கனடாக்காரன். கோதுமை விளையும் பக்கம் ஒரு சிறிய ஊர். பதினாறு வயதில் ஐஸ் ஹாக்கிக்காக வீட்டை விட்டுப் போனான். ஊர் ஊராக வேறு ஆட்களின் வீட்டில் தங்கி விளையாடினான். முன்னணியில் நின்று கோல் அடிக்கிற ஆள். அங்கே உள்ள பெரிய லீக்கில் நாலே நாலு ஆட்டம் இறங்கினான். அதில் ஒரு கோல். அந்தக் கோலைப் பற்றி யாராவது கேட்டால், "என்னுடைய பின்பக்கத்தில் பட்டுப் போனது" என்பான். அதற்குப் பிறகு கீழ் லீக்குகள், நீண்ட பஸ் பயணங்கள். இருபத்தெட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்தான். எங்கள் கழகத்துக்கு வரும்போது முப்பத்திரண்டு. டோர்ட்மண்ட் நகரத்திலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் என்று சொன்னதும், "அப்படியென்றால் நகரத்துக்கு நடுவில்தான் இருக்கிறேன்" என்றான். அவனுடைய ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகவே இரண்டு மணித்தியாலமாம்.

அவனுடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே அளவு. அதனால் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம். அவன் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். செல்வம் என்கிற என் பெயர் அங்கே எல்லாருக்கும் செல்வா.

காலையில் எல்லாருக்கும் முன்னால் வருவான். என் மேசையின் மூலையில் ஏறியிருந்து தேத்தண்ணி குடிப்பான். அதிகம் கதைக்கமாட்டான். நானும் கதைக்கமாட்டேன். நாலு வருடம் அப்படிப் போனது. அந்த அறையில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதம் அதுதான்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு முன் அந்த அறையைப் பார்த்து, எனக்குச் சாவி தந்த மனிதர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "இங்கே எல்லாம் கேட்கும். நீ ஒன்றும் கேட்கவில்லை." ஒருவன் மனைவியோடு சண்டை என்பான். ஒருவன் வேறு கழகத்தோடு பேசுகிறேன் என்பான். அது கதவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அடுத்த நாள் ஒருவனும் உள்ளே வரமாட்டான். எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. இந்த வேலைக்கு முன் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் நின்றேன். நாரி, கீழ்முதுகு, பிடித்துக்கொண்டது. பிடித்திருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். அடுத்த கிழமையிலிருந்து வேலைக்கே வரவேண்டாம் என்றார்கள். உடம்பால் உழைக்கிறவன் உடம்பைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று அன்றைக்குப் படித்தேன். பிழையான பாடம். ஆனால் நன்றாகப் படித்தேன்.

அந்த வருடம் நவம்பரில் ஒரு ஆட்டம். எதிர்ப்பக்க ஆள் ஒருவன் வந்த வேகத்தில் டேரனின் தாடையில் தோளைக் கொடுத்தான். டேரன் விழுந்தான். உடனே எழும்பினான். எழும்பி நேராகப் போய் எதிர்க் கழக ஆட்கள் குந்தியிருக்கும் நீள வாங்கில் இருக்கப் பார்த்தான். அவர்கள் கதவைத் திறந்து, "வா வா, நல்ல ஆள்தான்" என்று கூப்பிட்டார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மருத்துவர் அந்த நேரம் உள்ளே இன்னொருவனின் புருவத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் டேரனிடம் கேட்டார். "பகிடிக்குச் செய்தேன்" என்றான் டேரன். எல்லாரும் அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் இடது சப்பாத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"செல்வா, உது வலப்பக்கம் இழுக்குது. சரிவாத் தீட்டிப்போட்டாய்."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடத்தில் ஒருவனும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. சப்பாத்தைக் கவிழ்த்தேன். கத்திக்கு இரண்டு விளிம்பு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். நீங்கள் இப்போது கருவி வைத்துப் பார்க்கிறீர்கள். நான் இரண்டு சென்ட் நாணயத்தைக் குறுக்கே வைத்துப் பார்ப்பேன். வைத்தேன். மட்டமாக இருந்தது. அவனுக்கும் காட்டினேன்.

"பார். நேராத்தான் கிடக்கு."

"எனக்கு இழுக்குது."

"கத்தி இழுக்கேல்லை."

"அப்ப உள்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்து. ஒரு மயிரளவு. பாப்பம்."

உயர்த்தினேன். அவன் போட்டுக்கொண்டு இறங்கினான். ஒரு சுற்றுப் போய்வந்து கதவடியில் நின்று பெருவிரலை உயர்த்திக் காட்டினான். இப்போது நேராகப் போகிறதாம்.

நான் அப்போதே விளங்கிக்கொண்டேன். விளங்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் பொய். இரும்பு நேராக இருந்தது. கோணலாக இருந்தது ஆள். தலையில் பட்ட அடியில் அவனுக்குள் ஏதோ சரிந்துவிட்டது. அந்தச் சரிவுக்கு எதிராக நான் கத்தியைச் சரித்துக் கொடுத்தேன். இரண்டு சரிவும் சேர்ந்து வெளியே நேராகத் தெரிந்தது. பயிற்சியாளருக்கு நேராகத் தெரிந்தது. மருத்துவருக்கும் அப்படித்தான்.

கொப்பியில் எழுதினேன்: டேரன், இடது, உள்விளிம்பு, ஒன்று. ஒன்று என்றால் ஒரு மயிரளவு. என்ன செய்தேன் என்பதை எழுதாமல் விட எனக்கு வராது. தமிழில் எழுதினால் அங்கே ஒருவருக்கும் விளங்காது என்ற தைரியமும் இருந்தது.

அடுத்த கிழமை இரண்டு ஆனது. அதற்கடுத்த கிழமை இரண்டரை.

கண்டவர் இன்னொருவரும் இருந்தார். தவம். ஆட்டத் தளத்து ஐஸை வழித்து மட்டமாக்கும் மெஷினை ஓட்டுபவர். நானும் அவரும் ஒரே அகதி முகாமிலிருந்து வந்தவர்கள். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்ததும் அவர்தான். டேரன் காலையில் தனியாக ஐஸில் சுற்றுவான். அவன் முடித்த பிறகு தவம் மெஷினை இறக்குவார். ஒரு நாள் என் அறைக் கதவில் தட்டாமல் உள்ளே வந்தார்.

"செல்வம், உவன் டேரன் ஏன் வலப்பக்கம் இழுபடுறான்?"

"எங்க இழுபடுறான்?"

"மெஷினில ஏறி நிண்டு பார். ஐஸில கோடு கிடக்கு. மற்றவையின்ர கோடு நேர போகுது. உவன்ர கோடு வாழைப்பழம். போன கிழமை நல்லா வளைஞ்சு கிடந்தது. இண்டைக்குக் கொஞ்சம் குறைவு. நீ என்ன செய்தனி?"

"தீட்டினன்."

"என்னத்தைத் தீட்டினனி?"

"உனக்கு ஐஸ் வழிக்கத்தான் தெரியும். போய் வழி."

"ஓம். எனக்கு வழிக்கத்தான் தெரியும். உனக்குத் தீட்டத்தான் தெரியும். ரெண்டு பேருக்கும் டொக்டர் வேலை தெரியாது. அதாலதான் சொல்றன், மேல போய் டொக்டரிட்டச் சொல்லு."

"அவன் என்னை நம்பி வாறான்."

"அவன் உன்னை நம்பி வாறதாலதான் உனக்கு மட்டும் தெரியுது. உதைவிட வேற என்ன வேணும் உனக்கு?"

நான் அடுத்த சப்பாத்தை எடுத்தேன். அவர் கதவைச் சாத்தாமல் போனார்.

அன்றைக்கே டேரனிடம் கேட்டேன். தலை இடிக்கிறதா என்று. அவன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"லைட்டைப் பாத்தா இடிக்குது."

"டொக்டருக்குச் சொல்லு."

"சொன்னா விளையாட விடாமல் இருத்திப்போடுவினம். ஒரு மாதமோ ரெண்டு மாதமோ. மேல ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான், தெரியுந்தானே."

தெரியும். ஒரு ஆட்டத்தில் இத்தனை வெளிநாட்டவர்தான் இறங்கலாம் என்று எங்கள் லீக்கில் விதி இருந்தது. கழகத்தில் அந்த எண்ணிக்கையைவிட ஒருவன் கூடுதலாக இருந்தான். இருபத்துமூன்று வயதுச் சுவீடன்காரன். ஆட்டநாட்களில் மேலே பார்வையாளர்களோடு இருந்து நகம் கடிப்பான். டேரன் ஆடாமல் வெளியே இருந்தால் அவன் இறங்குவான். அவன் நன்றாக விளையாடினால் டேரனுக்கு வசந்தத்தில் ஒப்பந்தம் இல்லை. டேரனுக்கு முப்பத்தாறு. அதற்குப் பிறகு ஒரு கழகமும் கூப்பிடாது.

"எனக்கு வேற ஒண்டும் தெரியாது, செல்வா," என்றான். "பதினாறு வயசில இருந்து இதுதான். மகள் இங்க மூண்டாம் வகுப்பு. இந்த வருசத்தை மட்டும் முடிக்க விடு."

கெஞ்சவில்லை. சாதாரணமாகச் சொன்னான். அதனால்தான் எனக்குப் பாரமாக இருந்தது. எனக்கும் வேறு ஒன்றும் தெரியாது. சலவைத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. "சரி" என்றேன்.

ஒரு நாள் மேலே போனேன். அதையும் எழுதவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய கிழமை. டேரன் சப்பாத்தைத் தந்துவிட்டு, தந்ததை மறந்து, பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சப்பாத்தைத் தேடினான். என் கையிலேயே இருந்தது. அவன் போனபிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு படியேறி மருத்துவரின் கதவைத் தட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செல்வா. முதுகா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அதற்கடுத்த சொல் தானாக வந்திருக்கும்.

"ஓம், முதுகு" என்றேன்.

பூசுவதற்கு ஒரு களிம்பு தந்தார். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று மாலை வீட்டில் அதைப் பூசினேன். நாரி நோ உண்மையில் குறைந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கதவைத் தட்டியிருப்பீர்கள். எதிரில் இருப்பவர் நல்ல மனதோடு வேறு ஒன்றைக் கேட்பார். அந்த நேரத்தில் முதலில் வருகிற சொல்லைச் சொல்லாதீர்கள். வாசலில் ஊமையாக நின்றாலும் பரவாயில்லை. அவர் மறுபடி கேட்பார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பின்னேர ஆட்டம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று மண்டபம் நிறைந்திருந்தது. டேரனின் மகளும் வந்திருந்தாள். அன்று காலை உள்விளிம்பு நாலு. அவ்வளவு உயர்த்தினால் எந்த ஆட்டக்காரனும் விழுந்துவிடுவான். டேரன் நேராகப் போனான்.

இரண்டாம் பகுதியில் பக் என்கிற ரப்பர் வட்டு மூலைக்குப் போனது. டேரன் அதற்குப் பின்னால் போனான். வலப்பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். பெரிய அடி இல்லை. விதிக்கு மாறான அடியும் இல்லை. அந்த ஆள் வருவதை மண்டபத்தில் இருந்த பள்ளிப் பிள்ளைகள்கூடக் கண்டார்கள். டேரன் காணவில்லை. திரும்பிப் பார்க்கவே இல்லை. தலை முதலில் சுற்றுப் பலகையில் பட்டது. பிறகு ஐஸில் பட்டது. இரண்டு சத்தம்.

அவனைக் கொண்டுபோன பிறகு சப்பாத்துகளை என்னிடம் கொண்டுவந்து தந்தார்கள். கயிற்றை வெட்டிக் கழற்றியிருந்தார்கள். துடைத்துத் தட்டில் வைத்தேன். தீட்டும் மெஷின் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை, மட்டமாக்கியிருக்கலாம். செய்யவில்லை. அது நேர்மை என்று நினைக்காதீர்கள். கை எழும்பவில்லை.

தவம் வந்து மேசை மூலையில் இருந்தார். டேரன் இருக்கிற இடம். பார்த்துவிட்டு எழும்பிக் கதிரையில் இருந்தார்.

"நான் சொன்னனான் எண்டு சொல்ல வரேல்லை," என்றார்.

"சொல்லிப்போட்டாய்."

"ஓம்."

பிறகு அவர் ஐஸ் வழிக்கப் போனார். ஆட்டம் முடியவில்லை. மூன்றாம் பகுதி இருந்தது.

அடுத்த நாள்தான் மருத்துவரின் அறை. அதை முதலே சொல்லிவிட்டேன்.

பல மாதம் கழித்து, வேறு ஊருக்கு வேலை மாறிப்போன பயிற்சியாளர் ஒரு நாள் தொலைபேசியில் சொன்னார். டிசம்பரில் ஒரே பயிற்சியை டேரன் இரண்டு தரம் விளக்கச் சொல்லிக் கேட்டானாம். தசை பார்க்கும் பெண்ணிடம் லைட்டை அணைக்கச் சொன்னானாம். அவர்களும் அன்று இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்த உண்மையில் ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்தோம். ஆனால் அவர்களுடைய துண்டு சிறியது. என்னுடையது பெரியது. அவர்கள் பார்த்தார்கள், நான் மறைக்க உதவி செய்தேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்த அறையில் கேட்கிற பேச்சை வெளியே கொண்டுபோகாதீர்கள். அந்த வழக்கம் நல்லது. ஆனால் சாமானில் உங்கள் கை கண்டது பேச்சு அல்ல. உடைந்த ஹெல்மெட், சரிந்த கத்தி, ஒருவன் கயிறு கட்ட மறந்த சப்பாத்து. இவை ஒருவனுடைய இரகசியம் அல்ல. அன்றைக்கே மேலே கொண்டுபோங்கள். அவன் உங்களோடு கதைக்காமல் விடுவான். விடட்டும். தேத்தண்ணியைத் தனியாகக் குடியுங்கள்.

டேரன் இப்போது கனடாவில் இருக்கிறான். ஒரு இரும்புக் கடையில் காலையில் மட்டும் நிற்கிறான். பிறகு இருட்டு அறையில் படுத்துவிடுவான். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எனக்குத் தொலைபேசி எடுக்கிறான். போனமுறை எடுத்து, கத்தி இழுக்கிறது என்றான். காலையில் கொண்டுவா, பார்க்கிறேன் என்றேன்.

அவனும் குடும்பமும் இங்கிருந்து போனது அதே வருடம் மார்ச் மாதம். அவனுடைய மனைவி சாமான் எடுக்க வந்தாள். ஜென் என்று பெயர். டேரன் வெளியே காரில் கறுப்புக் கண்ணாடி போட்டபடி இருந்தான். மண்டபத்தின் லைட் அவனுக்கு ஏலாது. உடுப்புகள், கையுறை, தடிகள் எல்லாம் கட்டி வைத்திருந்தேன். சப்பாத்துகளைக் கடைசியாகக் கொடுத்தேன்.

"கனடாவில இருக்கிற டொக்டர்மார் கேக்கினம், எப்ப தொடங்கினது எண்டு," என்றாள். "அவருக்கு ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரிப் பேப்பரில ஜனவரி எண்டு எழுதிக் கிடக்கு. எனக்கு அப்பிடித் தெரியேல்லை. ஒவ்வொரு காலமையும் உங்களிட்டத்தானே வந்தவர்."

நான் தடிகளைக் கட்டியிருந்த பட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

அவள் பன்னிரண்டு வருடம் ஒரு ஹாக்கி ஆட்டக்காரனோடு வாழ்ந்தவள். இடது சப்பாத்தைக் கவிழ்த்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயம் எடுத்துக் கத்திக்குக் குறுக்கே வைத்தாள். நாணயம் சரிந்து நின்றது. வலது சப்பாத்தில் வைத்தாள். மட்டமாக இருந்தது. திரும்ப இடதில் வைத்தாள்.

"செல்வா, நீங்கள் சரிவாத் தீட்டமாட்டீங்கள்."

"இல்லை."

"அப்ப தெரிஞ்சுதான் செய்தனீங்கள்."

"ஓம்."

அவள் கத்தவில்லை. கதிரையில் இருந்தாள். நான் தட்டிலிருந்து கொப்பியை எடுத்தேன். டேரனுடைய பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் அவளுக்குச் சொன்னேன். நவம்பர், ஒன்று. டிசம்பர், இரண்டு. இரண்டரை. மூன்று. ஜனவரி, நாலு. அவள் ஒரு காகிதத் துண்டில் எழுதிக்கொண்டாள்.

எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"இப்பிடி எத்தினை ஆட்டம் விளையாடினவர்?"

ஆட்டத்துக்கு ஆட்டம் தீட்டின நாளைக் குறித்திருந்தேன். விரல் வைத்து வரி வரியாக எண்ணினேன். பிழைக்கக்கூடாது என்று இன்னொருமுறை எண்ணினேன்.

பதினொன்று.